நாற்பத்தேழு

பெயர் வைப்பதில்லை என்பதுதான் பேச்சு.
விற்கப்போகிற மாட்டுக்குப் பெயர் என்னத்துக்கு என்றார் அவர்.
காதில் மிருக வைத்தியர் குத்திய மஞ்சள் வில்லையில்
கடைசி இரண்டு இலக்கம் நாலும் ஏழும்.
மூன்றாம் நாள்
"நாற்பத்தேழு தண்ணி குடிக்கல்ல உம்மா"
என்று ஓடிவந்தாள் ஸிம்ரா.
அதோடு போயிற்று எங்கள் பேச்சு.

உப்பாற்றில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர்.
களப்புப் பக்கம் அரை ஏக்கரில்
உப்பைத் தவிர ஒன்றும் முளையாது.
மிச்சத்தில் புல், வேலி நெடுகக் கிளிசரியா,
நாலு மாடு, ஒரு கிணறு.

வெருகல் பட்டியிலிருந்து வந்தபோது
எட்டடி தள்ளி நின்றே விலாவை எண்ணலாம்.
வாலடியில் உண்ணி,
கண்ணில் பீளை,
ஆளைக் கண்டால் பின்னங்கால்தான் பேசும்.
ஐப்பசி மழைக்கு வைக்கோல் நனையக் கூடாதென்று
என் குசினிக் கூரையின் இரண்டு தகரம்
கொட்டிலுக்குப் போயிற்று.
படங்கின் கீழ் சோறாக்கினேன், தை மட்டும்.

காலையில் புல்.
உச்சியில் கிளிசரியா, ஒரு பொழுது வாடவைத்து;
பச்சையாய்ப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்,
புது மருமகன் மாதிரி.
அந்திக்குத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு,
உள்ளங்கையில் ஒரு பிடி உப்பு.
நாக்கு அரம்போல.
அந்த அரம் பழகின பிறகு
பின்னங்கால் பேசுவதை விட்டது.

வெள்ளிக்கு வெள்ளி தையல் நாடாவால் அளப்பேன்.
முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி,
தோளிலிருந்து புட்டம் வரை நீளம்.
சுற்றைச் சுற்றால் பெருக்கு,
நீளத்தால் பெருக்கு,
முந்நூறால் பிரி, வருவது இறாத்தல்.
ஸிம்ராவின் கணக்குக் கொப்பியில்
பின்பக்கத்திலிருந்து என் கணக்கு,
முன்பக்கத்திலிருந்து அவளுடையது.
பங்குனியில் இரண்டு வாரம்
இலக்கம் கீழே இறங்கிற்று.
பூச்சி மருந்து கொடுக்கும்வரை
எனக்கும் சோறு இறங்கவில்லை.
பாசம் என்று யாரும் எழுதவேண்டாம்.
தவிட்டுக் கடையில் கடன் இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பதினொரு நாள் இருக்க
வந்தார் இஸ்ஸதீன் யாவாரி.
வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார்.
இரண்டு பல் மாறியிருந்தது, வயது சரி.
முதுகில் கையைப் போட்டார்,
கண்ணைச் சுருக்கினார்.
"இருநூற்றி எழுபது கிலோ, ராத்தா.
முப்பது வருசக் கண் இது."
நான் கொப்பியை எடுத்தேன்.
அறுபத்திரண்டு அங்குலம், ஐம்பத்துநாலு அங்குலம்:
முந்நூற்றிப் பதினாலு.
சிரித்தார்.
கொப்பியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை.

அரிசி ஆலையில் லொறித் தராசு இருக்கிறது,
போவோம் என்றேன்.
ஏற்றும்போது அவருடைய பொடியன் வாலை முறுக்கினான்.
"கையை எடு தம்பி.
வெருண்ட மாட்டின் இறைச்சி கறுக்கும்,
பத்து மாசத்துத் தவிட்டை
பத்து நிமிசத்தில் கெடுக்காதே."
உப்பைக் காட்டி
நானே முன்னால் ஏறினேன்.
பின்னால் வந்தது, விருந்துக்கு வருகிற மாதிரி.

லொறி மாட்டோடு ஒருதரம்,
மாடில்லாமல் ஒருதரம்.
முந்நூற்றிப் பத்து.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு அவர்தான்,
"நாலு கிலோ எங்க, ராத்தா?"
"உங்கட லொறிக்குள்ள சாணியாக் கிடக்கு, பாருங்க."
ஆலைக்காரர் சிரித்த சிரிப்பில்
புறாக்கள் எழும்பின.

காசை எண்ணி வாங்கினேன், ஈரக் கையால்.
ஏழு பேர் பங்கு என்றார்கள்,
நல்ல வீடுகள்தான்.
கயிறு மட்டும் வேண்டுமென்று கேட்டேன்,
அடுத்த கன்றுக்கு.
லொறி திரும்புகையில்
மஞ்சள் வில்லை ஒருதரம் வெயிலில் தெரிந்தது.
பார்த்தேன்.
அவ்வளவுதான்.

இரவு கடன் கணக்கை எழுதக் கொப்பியை விரித்தால்
தவறுதலாக முன்பக்கம்.
ஏழாம் வாய்ப்பாடு.
ஏழேழு நாற்பத்தேழு என்று
உருண்டை உருண்டையாய் எழுதியிருக்கிறாள்.
மேலே ரீச்சரின் சிவப்புக் கோடு.

அழிறப்பர் பக்கத்திலேயே கிடந்தது.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.